டவரடிக்குப் போகும் முன்

மைக்ரோவேவ் பிரிவில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேகம் இருக்கிறது. கண்காணிப்பு மையமான என்ஓசியிலிருந்து போன் வந்த ஐந்தாவது நிமிடம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிவிடுகிறார்கள். வேகத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் என்ன கோளாறு என்று தேடுவதற்காக சைட்டுக்குப் போவது வீண் அலைச்சல். இதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு சந்தேகத்தோடு போக வேண்டும். அது சரியா தப்பா என்று பார்க்கத்தான் டவர். சந்தேகம் பிறக்கிற இடம் அலுவலக மேசை. ஆகவே கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் மேசை வேலைதான். டவர் ஏறும் வீரக்கதையை எதிர்பார்த்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

1. "லிங்க் டவுன்" என்ற இரண்டு சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பாதே.

டிக்கெட்டில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். முழுதாக விழுந்து கிடக்கிறதா, வந்து வந்து போகிறதா, லிங்க் நின்றுகொண்டிருக்க வேகம் மட்டும் குறைந்திருக்கிறதா என்று கேள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இன்றைய ரேடியோக்களில் சிக்னல் சரிந்தால் மாடுலேஷன் தானாகவே இறங்கிக்கொள்ளும். 256 க்வாமில் ஓடிக்கொண்டிருந்தது க்யூபிஎஸ்கேக்கு இறங்கினால் கொள்ளளவு கால் பங்காகிவிடும், ஆனால் லிங்க் விழாது. அதனால் "நெட் ஸ்லோ" என்ற புகார் முதலில் ஐபி ஆட்களிடம் போய், அங்கே இரண்டு நாள் சுற்றிவிட்டு, நம் தலையில் வந்து விழும்.

ரேடியோ 15 நிமிடத்துக்கு ஒரு முறை பிழைக் கணக்கை எழுதி வைக்கிறது. ஒரு நாளைக்கு 96 கட்டங்கள். எந்தக் கட்டத்தில் பிழை தொடங்கியது, அந்தக் கட்டத்தில் ஆர்எஸ்எல்லின், அதாவது வாங்கும் சிக்னலின், குறைந்தபட்ச அளவு என்ன என்பதை அலுவலகத்திலிருந்தே இறக்கி எடுத்துக்கொள். இதைச் செய்யும் முன் சைட்டில் இருக்கும் ஆளிடம் "ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிடாதே. சில மாடல்களில் பவர் போனால் அந்தக் கணக்கும் போய்விடும். லிங்க் தற்செயலாக எழுந்துகொண்டாலும், அடுத்த வாரம் மறுபடி விழும்போது உன் கையில் ஒரு தடயமும் இருக்காது.

2. ஒரு தாளின் நடுவே கோடு போடு. இடப்பக்கம் இந்த முனை, வலப்பக்கம் எதிர்முனை.

ஒவ்வொரு முனையிலும் அனுப்பும் பவர் எவ்வளவு, வாங்கும் அளவு எவ்வளவு என்று எழுது. பக்கத்திலேயே லிங்க் நன்றாக இருந்த நாளின் அளவையும் எழுது. இந்த நான்கு எண்களும் அவற்றின் பழைய அளவுகளும் கையில் இல்லாமல் வண்டிக்கு டீசல் போடாதே.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், போகிற சிக்னலும் வருகிற சிக்னலும் அதே இரண்டு டிஷ் வழியாக, அதே காற்று வழியாகத்தான் போகின்றன. வாங்கும் அளவு இரண்டு முனையிலும் ஏறக்குறைய ஒரே அளவு சரிந்திருந்தால் கோளாறு இருவருக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது: டிஷ் திரும்பியிருக்கலாம், மவுன்ட் தளர்ந்திருக்கலாம், பாதையில் ஏதாவது முளைத்திருக்கலாம். ஒரு திசையில் மட்டும் சரிந்திருந்தால் டிஷ் பக்கம் போகவே வேண்டாம். அனுப்புகிறவரின் டிரான்ஸ்மிட்டர் அல்லது வாங்குகிறவரின் ரிசீவர், இரண்டில் ஒன்று. இந்த ஒரு கணக்கு தெரியாமல், டவர் மேலே இருக்கும் ரேடியோப் பெட்டியான ஓடியுவை மாற்ற வேண்டிய சைட்டில் நன்றாக இருந்த டிஷ்ஷைக் கழற்றி அலைன்மென்ட் செய்து, ஒரு கோளாறை இரண்டாக்கிவிட்டு வந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

ஆர்எஸ்எல் அசையவில்லை, பிழை மட்டும் கொட்டுகிறது என்றால் அது வேறு வழக்கு. அளவை எடுப்பது மேலே இருக்கும் ஓடியு. எனவே ஓடியுவுக்கும் கீழே ஐடியுவுக்கும் நடுவே ஓடும் ஐஎஃப் கேபிளில் தண்ணீர் புகுந்தாலும் ஆர்எஸ்எல் அழகாகவே காட்டும். அடுத்த சந்தேகம் இன்டர்ஃபியரன்ஸ். அதற்கு மேசையிலிருந்தே ஒரு சோதனை உண்டு. எதிர்முனை டிரான்ஸ்மிட்டரை இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டு இந்த முனையின் ஆர்எஸ்எல்லைப் பார். மைனஸ் 90 டிபிஎம்முக்குக் கீழே போய்விட வேண்டும். மைனஸ் 72 என்று நின்றால், உன் சேனலில் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு டவர் ஏறி ஒன்றும் ஆகாது, ஃப்ரீக்வென்சி பிளானிங் ஆட்களைப் பிடி.

3. எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதோடு, எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் கணக்குப் போடு.

ஹரால்ட் ஃப்ரீஸ் 1946-இல் எழுதிக் கொடுத்த சூத்திரம் இன்றும் நமக்குச் சோறு போடுகிறது. வெற்றுவெளி இழப்பு டிபியில்: 92.45, அதோடு கிகாஹெர்ட்ஸின் மடக்கை 20 மடங்கு, கிலோமீட்டரின் மடக்கை 20 மடங்கு. 15 கிகாஹெர்ட்ஸ், 12 கிலோமீட்டர் ஹாப் என்றால் இழப்பு சுமார் 137.5 டிபி. இரண்டு பக்கமும் 0.6 மீட்டர் டிஷ், ஒவ்வொன்றும் 37 டிபி அளவில் கொடுக்கும். அனுப்பும் பவர் 20 டிபிஎம். கூட்டிக் கழித்தால் மைனஸ் 44 டிபிஎம் பக்கம் வர வேண்டும். இரண்டு மூன்று டிபி முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடு. 20 டிபி குறைந்தால் காரணம் இருக்கிறது.

கமிஷனிங் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பார். லிங்க் போட்ட நாளிலேயே மைனஸ் 64 என்று எழுதி, கீழே "ஓகே" என்று கையெழுத்தும் போட்டிருப்பார்கள். டிஷ்ஷின் நடுக்கதிரைப் பிடிக்காமல் பக்கக்கதிரில் வைத்து போல்ட்டை முடுக்கிவிட்டு வந்த லிங்க் அது. வெயில் காலம் முழுக்க ஒரு குறையும் சொல்லாது. ஐப்பசியில் முதல் கனமழை வந்ததும் விழும். பழியும் மழை மேல் விழும்.

4. ஏடிபிசி ஓடுகிறதா என்று பார். அது ஓடினால் நல்ல வானிலையில் ரேடியோ தன் பவரைத் தானே குறைத்துக்கொள்ளும். குறைந்த ஆர்எஸ்எல்லைப் பார்த்துப் பதறும் முன் அதை நிறுத்தி, முழு பவரில் வைத்து அளவை எடு. வேலை முடிந்ததும் மறுபடி போட்டுவிடு.

5. நாட்காட்டியையும் கடிகாரத்தையும் சாட்சிக்குக் கூப்பிடு.

மழை நேரத்தில் விழுந்து, மழை விட்டதும் கணக்குப் போட்ட அளவுக்கே எழுந்துகொண்ட லிங்க்குக்கு சைட் விசிட்டே வேண்டாம். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினால் 15 கிகாஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்கு 6 முதல் 8 டிபி போகும். 23 கிகாஹெர்ட்ஸில் அது 14-ஐத் தொடும். 7 கிகாஹெர்ட்ஸில் 2 டிபிகூட இல்லை. விழும் துளி தட்டையாகிவிடுவதால் கிடைப் போலரைசேஷன் கூடுதலாக அடிவாங்கும், நெடுக்குப் போலரைசேஷன் கொஞ்சம் தப்பிக்கும். இதெல்லாம் வடிவமைப்பில் யோசிக்க வேண்டியவை, ஸ்பேனரால் தீராது. ஆனால் மழை விட்டு வெயில் வந்த பிறகும் அளவு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால் கிளம்பு. டிஷ்ஷின் ஃபீடிலோ ஓடியு இணைப்பிலோ தண்ணீர் தங்கியிருக்கலாம்.

வானம் தெளிவாக இருக்கும் இரவில் விழுகிறதா? கடலோர ஹாப்தானா என்று பார். மன்னார் வளைகுடாக் கரையில், காற்று அடங்கிய கோடை இரவுகளில், கடல் மேல் ஈரக்காற்று அடுக்கடுக்காகப் படியும். கதிர் நேராகப் போகாமல் அந்த அடுக்குக்குள் வளைந்து வேறெங்கோ போய்விடும். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பளத்தைக் கடக்கும் ஹாப்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. பாத்தியில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் தரையே கண்ணாடியாகி, நேர்க்கதிரோடு தரையில் பட்டுத் திரும்பும் கதிரும் வந்து சேரும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் நேரத்தில் ஆர்எஸ்எல் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கி ஏறும். அலைன்மென்ட் செய்து இதைத் தீர்க்க முடியாது. டிஷ்ஷின் உயரத்தை மாற்றுவதோ, இரண்டாவது டிஷ் போடுவதோதான் வழி. அதை ரிப்போர்ட்டாக எழுது.

நண்பகலில் மட்டும் என்றால் சூடு: ஷெல்டர் ஏசி, ஐடியு விசிறி. காற்றடிக்கும்போது மட்டும் என்றால் மவுன்ட், பக்கத்தாங்கி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்ததே, அப்படியொரு காற்று தேவையே இல்லை. தளர்ந்த மவுன்ட்டில் ஆடிக்காற்றே போதும். 1.2 மீட்டர் டிஷ் 15 கிகாஹெர்ட்ஸில் ஒரே ஒரு டிகிரி திரும்பினால் 8, 9 டிபி போய்விடும்.

மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சரிகிறது என்றால் மரம் வளர்கிறது, அல்லது கட்டடம் எழும்புகிறது. கடலூரிலிருந்து வடக்கே கடற்கரையோரம் சவுக்குத் தோப்பு இருக்கும் பாதைகளில் முதல் சந்தேகம் சவுக்கின் மேல்தான் விழ வேண்டும். அது சடசடவென்று ஏறும். "எதிர் டவர் கண்ணுக்குத் தெரியுதே சார்" என்று டவர் ஏறிய ரிக்கர் மேலிருந்து சொல்வார். கண்ணுக்குத் தெரிவது போதாது. ரேடியோ என்ற ஒன்று வருவதற்கு வெகுமுன்பே 1827-இல் இறந்துபோன ஃப்ரெனெல், ஒளியைப் பற்றிச் சொன்னது நமக்கும் சட்டம். 12 கிலோமீட்டர் ஹாப்பின் நடுவில், 15 கிகாஹெர்ட்ஸில், நேர்கோட்டைச் சுற்றி 7.7 மீட்டர் ஆரத்துக்கு முதல் வளையம் பரவி நிற்கிறது. அதில் 60 விழுக்காடாவது, அதாவது நாலரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, தடையில்லாமல் இருக்க வேண்டும். கிளம்பும் முன் செயற்கைக்கோள் படத்தில் பாதை நெடுக விரலை ஓட்டிப் பார். புதிய கட்டடம், தோப்பு, விளம்பரப் பலகை எது இருந்தாலும் குறித்துக்கொள். போகும் வழியில் அந்த இடத்தில் வண்டியை நிறுத்து.

முப்பந்தல், தென்காசி, உடுமலை என்றால் காற்றாலை. காற்றாலை குறுக்கே வந்த ஹாப்பின் ஆர்எஸ்எல்லை மல்டிமீட்டரில் பார்த்தால் உடனே பிடிபடும். எண் தாறுமாறாகக் குதிக்காது, தாளம் போட்டு ஏறி இறங்கும். அந்தத் தாளமும் இறக்கை சுற்றும் தாளமும் ஒன்றாக இருக்கும். காற்று நின்ற நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு "பழுதில்லை" என்று டிக்கெட்டை மூடியவர்களும் உண்டு.

கொடைக்கானல், ஊட்டிப் பனிமூட்டத்தின் மேல் மட்டும் பழி போடாதே. கை நீட்டினால் விரல் தெரியாத மூட்டத்திலும் 15 கிகாஹெர்ட்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 0.1 டிபிகூடக் குறையாது.

6. ரேடியோவைச் சந்தேகப்படும் முன் கரண்ட்டைச் சந்தேகப்படு.

"மைக்ரோவேவ் கோளாறு" என்று வரும் டிக்கெட்டுகளில் எஸ்எம்பிஎஸ், பேட்டரி, பிரேக்கர் கோளாறுகள் நிறையவே ஒளிந்திருக்கும். லிங்க் விழுந்த நேரத்தையும் ஈபி போன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ஈபி இருக்கும்போது டிசி மைனஸ் 54 வோல்ட் பக்கம் நிற்கும். ஈபி போன அரை மணியில் 45-க்கு வந்து லிங்க் விழுகிறதென்றால் உன் பையில் ஓடியு தேவையில்லை, பேட்டரி ஆட்களை அனுப்பச் சொல். இன்னொன்று, டெலிகாமில் பாசிட்டிவ்தான் எர்த். வீட்டு வயரிங், வண்டி வயரிங் பழகிய கை அந்தப் பழக்கத்தில் வேலை செய்யும். மீட்டர் வைக்காமல் எந்த வயரையும் தொடாதே.

7. கடைசியாக அந்த டவரில் ஏறியது யார் என்று கேள்.

ஒரே டவரில் பல கம்பெனி ஆண்டெனாக்கள் தொங்குகின்றன. பக்கத்து ஆண்டெனா மாட்ட வந்த ரிக்கர் உன் டிஷ்ஷின் மவுன்ட்டில் கால் வைத்து ஏறியிருப்பார். உன் கேபிளை இடுக்கி அவர் கேபிளைக் கட்டியிருப்பார். லிங்க் சரிந்த தேதியும் டவர் கம்பெனியின் அனுமதிப் பதிவேட்டில் இருக்கும் தேதியும் ஒன்றாக இருந்தால் தேடல் அங்கேயே முடிந்தது. பதிவேட்டில் இல்லாததை வாட்ச்மேன் சொல்வார். "போன செவ்வாக்கிழமை நாலு பேரு வந்தாங்க சார், சாயங்காலம் வரைக்கும் மேலதான் இருந்தாங்க" என்ற ஒரு வாக்கியம் பல நாள் டேட்டாவுக்குச் சமம். அந்த வாக்கியம் அதிகாரியாகப் போய் நிற்பவரிடம் வராது. உட்கார்ந்து ஒரு டீ குடித்துக் கேட்பவரிடம்தான் வரும்.

8. ஸ்பேர் ஓடியுவின் லேபிளைப் படி. எடுத்த பிறகு மறுபடியும் படி.

ஒரு ஹாப்பில் ஒரு முனை மேல் ஃப்ரீக்வென்சியில் அனுப்பும், மறுமுனை கீழ் ஃப்ரீக்வென்சியில் அனுப்பும். ஒன்று ஹை, இன்னொன்று லோ. பெட்டி, நிறம், எடை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பார்ட் நம்பரின் வால் எழுத்தில் மட்டும் வித்தியாசம். லோ சைட்டுக்கு ஹை ஓடியுவைச் சுமந்து போய், 40 மீட்டர் மேலேற்றி, மாட்டி, பவர் போட்ட பிறகு அது தெரிந்தால் அன்றைய பொழுது போயிற்று. 15 கிகாஹெர்ட்ஸ் என்று மட்டும் பார்த்தாலும் போதாது. அதற்குள்ளேயே சப்பேண்டு பிரிவுகள் இருக்கின்றன, அனுப்பும் வாங்கும் ஃப்ரீக்வென்சிகளுக்கு இடையிலான தூரமும் வேறுபடும். சைட்டின் சரியான ஃப்ரீக்வென்சியைத் தாளில் எழுதி, லேபிளில் இருக்கும் எல்லைக்குள் அது விழுகிறதா என்று விரல் வைத்துப் பார். ஸ்டோர்க்காரர் "அதேதான் தம்பி" என்று சொன்னாலும் பார்.

மாட்டும்போது போலரைசேஷனும் பழைய ஓடியுவில் இருந்தபடியே இருக்க வேண்டும். 90 டிகிரி திருப்பி மாட்டினால் 30 டிபி வரை காணாமல் போகும். நீ டிஷ்ஷை ஆட்டிக்கொண்டே இருப்பாய்.

9. பை.

எல்லாவற்றையும் பட்டியல் போட்டால் கடை விரித்தது போலாகிவிடும். பலர் மறப்பதை மட்டும் சொல்கிறேன். லேப்டாப்பில் அந்த மாடலின் மென்பொருள், கையேடு, இரண்டு முனைகளின் கான்ஃபிகரேஷன் நகல், ஐபி, பாஸ்வேர்டு எல்லாம் முன்கூட்டியே இறங்கியிருக்க வேண்டும். சைட்டில் போய் டவுன்லோட் செய்துகொள்ளலாம் என்று நினைக்காதே. லிங்க் விழுந்ததால்தானே நீ போகிறாய்? அந்த ஏரியாவின் மொபைல் டவரே அந்த லிங்க்கில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். அங்கே போய் நின்றால் உன் போனில் ஒரு கோடுகூட இருக்காது. வேறு கம்பெனி சிம் ஒன்று கூடவே இருக்கட்டும். பழைய ஐடியு என்றால் சீரியல் கேபிளும், அதை யூஎஸ்பியில் செருகும் கன்வர்ட்டரும் வேண்டும். கன்வர்ட்டரின் டிரைவர் லேப்டாப்பில் ஏறியிருக்கிறதா என்று அலுவலகத்திலேயே செருகிப் பார்.

ஓடியுவில் ஆர்எஸ்எல் வோல்ட்டேஜ் எடுக்கும் பிஎன்சி முனைக்குப் பொருந்தும் வயர், புதிய என்-டைப் கனெக்டர்கள், அவற்றுக்கான கிரிம்பிங் கருவி, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், பெயின்ட் மார்க்கர். சிக்னல் கூடினால் வோல்ட்டேஜ் கூடும் தயாரிப்பும் உண்டு, குறையும் தயாரிப்பும் உண்டு. எது உன்னுடையது என்ற அட்டவணையை அச்சடித்து ரிக்கர் சட்டைப்பையில் வை. இல்லாவிட்டால் அவர் அங்கே உச்சத்தைத் தேடுவதாக நினைத்துப் பள்ளத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

10. கிளம்பும் முன் செய்ய வேண்டிய போன்கள்.

சாவி யாரிடம்? அனுமதி எண் வந்துவிட்டதா? மொட்டைமாடி டவர் என்றால் வீட்டுக்காரர் ஊரில் இருக்கிறாரா? ரோடு எதுவரை போகும்? வால்பாறை, கூடலூர்ப் பக்கம் மாலையில் யானை நடமாட்டம் இருக்கும் சைட் என்றால் எத்தனை மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்று உள்ளூர்க்காரரைக் கேள். அவர் சொல்கிற நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி: டவரில் தேன்கூடு இருக்கிறதா? மலைத்தேனீ உயரமான இடமாகப் பார்த்துத்தான் கூடு கட்டும், டிஷ்ஷின் அடிப்பக்கமும் அதற்குப் பிடிக்கும். 30 மீட்டர் உயரத்தில் கயிற்றில் தொங்கும் மனிதரால் ஓட முடியாது. கூடு இருக்கிறது என்றால் அன்று ஏறுவது கிடையாது. என்ஓசி எத்தனை முறை போன் அடித்தாலும் கிடையாது. கூட்டைப் பக்குவமாக அகற்றத் தெரிந்தவர்களை ஏற்பாடு செய்துவிட்டு மறுநாள் போ.

11. ஏறுகிறவரின் உயிர் உன் கணக்கில்.

பெரும்பாலும் நீ கீழே இருப்பாய், ரிக்கர் மேலே இருப்பார். முழு உடல் பெல்ட், இரண்டு கொக்கி, அதில் ஒன்று எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும். ஹெல்மெட் உனக்கும் சேர்த்துத்தான். மேலிருந்து நழுவும் ஸ்பேனருக்குப் பதவி தெரியாது. தூரத்தில் இடி கேட்டால் இறக்கிவிடு. இருட்டில் ஏற்றாதே. "சாப்பிட்டீங்களாண்ணே, ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேள். நம் சம்பளத்தில் பாதிகூட வாங்காத அந்த மனிதர்தான் அங்கே முதல் ஆள்.

டிஷ்ஷின் முன்னால் நிற்பதைப் பற்றி ஆளுக்கொரு பயம் சொல்வார்கள். நம் ரேடியோ 20 டிபிஎம் அனுப்புகிறது என்றால் அது பத்தில் ஒரு வாட். ஆனாலும் முன்னால் வேலை என்றால் டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவிடு. உண்மையில் கவனிக்க வேண்டியது பக்கத்தில் நிற்கும் மொபைல் செக்டர் ஆண்டெனாக்களை. பல பத்து வாட் பவர் அங்கேதான் இருக்கிறது. அவற்றின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தால் அந்தக் கம்பெனியிடம் சொல்லி அணைக்கச் சொல், பிறகு ஏற்று.

12. எதை மாற்றினாலும் தூரத்து முனையை முதலில் மாற்று.

ஃப்ரீக்வென்சி, பேண்ட்விட்த், மாடுலேஷன் எதுவானாலும் இதுதான் வரிசை. பக்கத்து முனையை முதலில் மாற்றினால் லிங்க் அறுந்துவிடும், அப்புறம் எதிர்முனைக்குக் கட்டளை போகாது. வண்டியை எடுத்துக்கொண்டு நீதான் போக வேண்டும். எதிர்முனையில் சிக்னலைத் திருப்பி அனுப்பிச் சோதிக்கும் லூப் போடுவதும் டிரான்ஸ்மிட்டரை நிறுத்துவதும் அப்படியே. நேரம் குறிக்காமல் போட்டால் உன் கழுத்துக்கு நீயே போட்ட லூப் அது. இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று கெடு வைத்துப் போடு, தானே கழன்றுகொள்ளும்.

13. டிஷ்ஷின் போல்ட்டில் ஸ்பேனர் வைக்கும் முன் பெயின்ட் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்.

இப்போது இருக்கும் இடம் எவ்வளவு மோசமாக இருந்தாலும், திரும்பி வர ஓர் இடம் வேண்டும். அலைன்மென்ட் என்றால் இரு முனையிலும் ஆள் வேண்டும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் அசைக்க வேண்டும். உச்சம் கிடைத்ததும் நின்றுவிடாமல் அதைத் தாண்டிப் போகச் சொல். அளவு இறங்கி, மறுபடி ஏறி, இன்னொரு மேடு வரும். இடமும் வலமும் சிறு மேடு, நடுவில் பெரிய மேடு என்று மூன்றையும் பார்த்த பிறகுதான் நடுமேட்டில் நிற்க வேண்டும். திசை பார்க்க காம்பஸ் வைத்திருந்தால் டவரை விட்டுத் தள்ளிப் போய்ப் பார், டவர் இரும்பு முள்ளை இழுக்கும். போல்ட் முடுக்கும்போதே டிஷ் கொஞ்சம் நகரும். கடைசி முடுக்கு முடியும் வரை மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

14. கனெக்டர்.

ஐஎஃப் கேபிளில் சிக்னலோடு மைனஸ் 48 வோல்ட்டும் மேலே போகிறது. பவரை அணைக்காமல் கழற்றினால் பொறி பறக்கும், ஐடியு கார்டும் போகலாம். அணைத்துக் கழற்றிய பிறகு, மேல் முனையில் நடுக்கம்பியையும் பின்னலையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லிக் கீழே ஓம் பார். 100 மீட்டர் நல்ல கேபிளில் ஓரிரு ஓம்தான் காட்டும். விட்டுவிட்டால் எதுவும் காட்டக் கூடாது, ஏதோ ஓர் எண் ஆடிக்கொண்டிருந்தால் உள்ளே ஈரம். ராமேசுவரம் மாதிரி உப்புக்காற்று ஊர்களில் கனெக்டரைத் திறந்தால் பின்னல் பச்சை பூத்திருக்கும். துடைத்து மாட்டினால் ஒரு வாரம் ஓடும். கருத்த பகுதி போய்ச் செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டு. நீளம் போதாதென்றால் கேபிளையே மாற்று.

டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்று. ஓடு வேய்வது போல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படிந்தால்தான் தண்ணீர் வழிந்து போகும். ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் பிவிசி டேப், கடைசிச் சுற்றை இழுக்காமல் விடு. கேபிள் ஷெல்டருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் கேபிள் வழியே ஐடியு வரை நடந்து வரும்.

15. சைட்டை விட்டு இறங்கும் முன்.

லூப் கழன்றதா, ஏடிபிசி போட்டாயா என்று பார். பிழைக் கணக்கைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு கட்டமாவது, அதாவது அரை மணி நேரம், அங்கேயே உட்கார். அந்த நேரத்தில் கழற்றிய பழைய கனெக்டர், டிஷ் மேலிருந்து எதிர்முனைப் பாதை, புதிய டேப், ஓடியு லேபிள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள். பழுதான ஓடியுவின் மேல் என்ன கோளாறு என்று எழுதி ஒட்டு. எழுதாமல் ஸ்டோரில் வைத்தால் அடுத்த மாதம் யாரோ ஒருவர் அதையே நல்ல ஸ்பேர் என்று தூக்கிக்கொண்டு போவார். ரிப்போர்ட்டில் "லிங்க் ஓகே" என்று மட்டும் எழுதாதே. காரணம் என்ன, எதைக் கழற்றினாய், எதை மாற்றினாய், இரண்டு முனையிலும் முழு பவரில் ஆர்எஸ்எல் எவ்வளவு என்று எழுது. எதிர்முனை அளவுக்கான கட்டம் பல ரிப்போர்ட்டுகளில் காலியாகவே வருகிறது. அதை நிரப்பாமல் என் மேசைக்கு அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.